பேர்ல் ஹார்பரை வேவு பார்த்தது யார்? கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் துறைமுகமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கியதற்கு முன்னால் நடந்த கடற்படை வேவு பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, படமும் நன்றாக இருந்தது, வீட்டில் நானும் பேரனும் மாறி மாறிப் படித்தோம். ஆனால் கடைசிப் பத்திக்கு மேலே, ஹவாய்க்குப் பிழைக்கப்போன ஜப்பானியர்கள் எல்லாம் சேர்ந்து உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்துவிட்டார்கள், கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவனும் மீன் பிடித்தவனும் போர்க்கப்பல்களைக் காட்டிக்கொடுத்தான் என்கிற மாதிரி நாலு வரி வருகிறதே, அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நாலு வரியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் 31 வருஷம் குமாஸ்தா வேலை. எந்தக் கப்பல் வந்தது, வெளியே நங்கூரம் போட்டு எத்தனை நாளாகக் காத்திருக்கிறது, எந்த பெர்த்தில் கட்டப்போகிறார்கள், இதுதான் என் பிழைப்பு. கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்தே உள்ளே சரக்கு இருக்கிறதா காலியா என்று சொல்லிவிடுவோம், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பக்கவாட்டில் எழுதியிருக்கிற எண்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரு தடவை கடற்கரைச் சாலையில் நின்று, வெளியே காத்திருந்த கப்பல்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது ஒரு காவலர் வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டு ஸ்டேஷன்வரை கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டார். இரண்டு மணி நேரம். மேலதிகாரி வந்து, இதெல்லாம் காலையில் பேப்பரிலேயே வருகிறதே என்று சொல்லி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனால் அதற்கப்புறம் வேவு சம்பந்தமாக எது கிடைத்தாலும் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேர்ல் ஹார்பரை ஜப்பானுக்காக வேவு பார்த்த முக்கியமான ஆள் ஒருவர்தான், டக்கேயோ யோஷிகாவா. எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியில் 1933-ல் தேறியவர். வயிற்றுக் கோளாறு வந்து கப்பல் வேலை போயிற்று. கடற்படைத் தலைமையகத்தில் உளவுப் பிரிவில் உட்காரவைத்து, அமெரிக்கக் கப்பல்களைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் வருஷக்கணக்காகப் படிக்கவைத்தார்கள். எந்தக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி, புகைபோக்கி எங்கே இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் உருவம் எப்படித் தெரியும், எல்லாம் மனப்பாடம். அப்புறம் வெளியுறவுத் துறையில் ஒரு சின்ன அதிகாரி மாதிரி வேஷம் கட்டி, தடாஷி மோரிமுரா என்று பெயரை மாற்றி, 1941 மார்ச் 27-ம் தேதி ஹவாயின் ஹொனலுலு நகரில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை அங்கே இருந்த ஜப்பானியத் துணைத் தூதரகத்தில். அவர் யார் என்பது கான்சல் ஜெனரல் நாகாவோ கிட்டாவுக்குத் தெரியும், மற்ற பெரும்பாலோருக்கு அவர் ஆபீசுக்கு ஒழுங்காக வராத, நினைத்த நேரத்துக்கு டாக்சி பிடித்துக்கொண்டு போகிற, குடிக்கிற ஒரு இளைஞர், அவ்வளவுதான்.

அவர் எதையும் திருடவில்லை. இதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பூட்டை உடைக்கவில்லை, யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை, ரகசிய வரைபடம் எதையும் படம் எடுக்கவில்லை. அலேவா ஹைட்ஸ் என்று ஹொனலுலுவில் ஒரு மேட்டுப் பகுதி இருக்கிறது, அங்கே ஷுஞ்சோரோ என்று ஒரு ஜப்பானியத் தேநீர் விடுதி, நடத்தியது அவருடைய சொந்த மாநிலத்துக்காரப் பெண்மணி. மாடியில் ஒரு தொலைநோக்கி, வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காக வைத்தது. அதில் பார்த்தால் கடற்படைத் துறைமுகமும் பக்கத்து விமானத் தளமும் கீழே விரித்துவைத்த மாதிரி தெரியும். குடித்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்று சொல்லி மாடியிலேயே படுத்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் எந்தக் கப்பல் புறப்படுகிறது என்று பார்ப்பார். மற்ற நாளில் கரும்புத் தோட்டத்து ஓரமாக நடப்பார், பேர்ல் சிட்டி படகுத்துறையில் சோடா குடித்துக்கொண்டு எதிரே இருக்கிற விமான ஓடுதளத்தைப் பார்ப்பார், சுற்றுலாப் பயணிகளோடு சின்ன விமானத்தில் ஏறி மேலே இருந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். நோட்டில் குறிப்பு எடுக்கவே மாட்டார், எல்லாம் தலைக்குள். என்னைப்போல நோட்டோடு நின்றிருந்தால் ஒருவேளை பிடித்திருப்பார்களோ என்னவோ!

பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குற்றமே இல்லை. தந்தி அனுப்பியதும் ஊரறிய, காசு கட்டி, தனியார் கம்பெனி வழியாகத்தான், சங்கேத எழுத்தில்.

இதில் உள்ளூர் ஜப்பானியர்களின் பங்கு என்ன என்று கேட்டால், ஒரு டாக்சி டிரைவர் அவரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டு போனார், தூதரகத்திலேயே சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தா தன் காரில் சுற்றிக்காட்டினார், பார்த்துவிட்டு வந்தும் சொன்னார். இருந்ததை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் குமாஸ்தாவைக்கூட வழக்குப் போட்டுத் தண்டிக்கவில்லை, முகாமில் அடைத்ததோடு சரி. ஹவாயில் அப்போது ஜப்பானிய வம்சாவளியினர் 1,50,000 பேருக்கு மேல், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அவர்களில் செல்வாக்குள்ளவர்கள் உதவுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனதாகவும் ஒருவர்கூட ஒத்துழைக்கவில்லை என்றும் யோஷிகாவாவே 1960-ல் ஒரு அமெரிக்கக் கடற்படை இதழில் எழுதினார். வேவு பார்த்தவனே சொல்கிறான் எனக்கு யாரும் உதவவில்லை என்று, நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு இல்லையில்லை உதவினார்கள் என்கிறோம்.

தோக்கியோ அனுப்பிய ஒரு தந்தியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இது எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. 1941 செப்டம்பர் 24. அதுவரைக்கும் துறைமுகத்தில் எந்தெந்தக் கப்பல் நிற்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த தந்தியில் பேர்ல் ஹார்பர் தண்ணீரை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் கொடுத்து, எந்தப் பகுதியில் எது நங்கூரத்தில், எது துறையில், எது மிதவையில் கட்டியிருக்கிறது என்று சொல், முடிந்தால் ஒரே துறையில் இரண்டு கப்பல் ஒட்டிக் கட்டியிருந்தால் அதையும் சொல் என்று கேட்டார்கள்.

ஏஜென்சி ஆபீசில் பத்து வருஷம் இருந்த எவனுக்கும் இந்தத் தந்தியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒரு கப்பல் துறைமுகத்தில் இருக்கிறதா என்று ஆயிரம் பேர் கேட்பார்கள், ஊர்க்கதை மாதிரி. எந்த பெர்த், எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று ஒட்டி நிற்கிறதா என்று கேட்கிறவன் அந்தக் கப்பலிடம் வேலை இருக்கிறவன். எண்ணெய் கொடுக்கிறவன், தண்ணீர்ப் படகுக்காரன், சரக்கு இறக்குகிறவன். இரண்டு கப்பலை ஒட்டிக் கட்டினால், டபுள் பேங்கிங் என்போம், உள்ளே இருக்கிற கப்பலைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து நெருங்க முடியாது. நமக்கு அது சரக்கு இறக்குகிற தொல்லை. டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்துபோய்க் கப்பலின் பக்கத்தில் வெடிக்கிற குண்டு, போடப்போகிறவனுக்கு அதுதான் கணக்கே. டிசம்பர் 7 அன்று அப்படியேதான் நடந்தது. ஃபோர்டு தீவை ஒட்டி ஜோடி ஜோடியாகக் கட்டியிருந்த கப்பல்களில் வெளிப்பக்கம் நின்ற ஒக்லஹோமாவும் வெஸ்ட் வர்ஜீனியாவும் டார்பிடோ வாங்கி மூழ்கின, உள்ளே நின்ற மேரிலாந்துக்கும் டென்னஸ்ஸிக்கும் டார்பிடோ படவே இல்லை, குண்டுதான் விழுந்தது. ஒக்லஹோமா குப்புறக் கவிழ்ந்தது, அதில் மட்டும் 429 பேர்.

இந்தத் தந்தியை அமெரிக்கர்கள் பிடித்தார்கள். எங்கே பிடித்தார்கள் தெரியுமா? ஹவாயிலேயே, ஃபோர்ட் ஷாஃப்டரில் இருந்த ராணுவ நிலையத்தில். அங்கே சங்கேதத்தை உடைக்கிற ஏற்பாடு கிடையாது, எடுத்ததை அப்படியே தபாலில் வாஷிங்டனுக்கு அனுப்பவேண்டும். அங்கே அக்டோபர் 9-ம் தேதி உடைத்து மொழிபெயர்த்துப் படித்தார்கள். படித்தவர்களில் ராணுவ உளவுப் பிரிவின் கர்னல் பிராட்டன் போன்ற ஒன்றிரண்டு பேருக்கு உறுத்தியது. மற்றவர்கள், மணிலா பற்றியும் பனாமா பற்றியும்தான் கேட்கிறார்கள், இது தந்திச் செலவை மிச்சம் பிடிக்கச் சுருக்கெழுத்து மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்டது உண்மைதான், ஆனால் கட்டம் போட்டுக் கேட்டது பேர்ல் ஹார்பரை மட்டும்தான். அந்தக் கப்பல்களுக்குப் பொறுப்பான அட்மிரல் கிம்மலுக்கும், தீவைக் காக்கவேண்டிய ஜெனரல் ஷார்ட்டுக்கும் ஒரு வரி தெரியாது. ஹவாயில் பிடித்த தந்தியில் ஹவாயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது ஹவாயில் இருக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. அரசு ஆபீசுக்கு ஒரு மனுவோடு நடந்த எவருக்கும் இது நம்பமுடியாத கதையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 1-ம் தேதி தாயோ மாரு என்ற பயணிகள் கப்பல் ஹொனலுலுவுக்கு வந்தது. அதில் சுகுரு சுசுகி என்ற கடற்படை அதிகாரி மாறுவேஷத்தில் வந்திருந்தார். அந்தக் கப்பலை வேண்டுமென்றே வழக்கமான பாதையில் விடாமல் வடக்கே, பின்னால் தாக்குதல் படை வரப்போகிற வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்து, வழியில் வேறு கப்பல் எதிர்ப்படுகிறதா, கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். கையோடு 97 கேள்விகள் கொண்ட ஒரு சுருள், யோஷிகாவாவுக்கு. வாரத்தில் எந்த நாள் அதிகக் கப்பல்கள் உள்ளே நிற்கும் என்பது அதில் ஒன்று. ஞாயிறு என்று பதில் போயிற்று. வடக்குத் திசையில் ரோந்து விமானம் அனேகமாகப் போவதே இல்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

கடைசி வாரத்துக்கு வருவோம். இதை நான் எத்தனை தடவை படித்தாலும் ஆறாது. தூதரகத்துத் தொலைபேசியை அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவு ஏறக்குறைய இரண்டு வருஷமாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் 2-ம் தேதி அதை நிறுத்தினார்கள். யாரோ ஒரு தொலைபேசி ஊழியர் இன்னொரு ஒட்டுக்கேட்பு இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டார், விஷயம் வெளியே தெரிந்து வம்பாகிவிடும் என்ற பயம். அதே டிசம்பர் 2-ம் தேதி தோக்கியோவிலிருந்து ஒரு தந்தி, துறைமுகத்துக்கு மேலே, விமானம் தாழப் பறக்காமல் தடுக்கிற பலூன் பறக்கவிட்டிருக்கிறார்களா, போர்க்கப்பல்களைச் சுற்றி டார்பிடோ வலை கட்டியிருக்கிறார்களா என்று. இதை வாஷிங்டனில் மொழிபெயர்த்து முடித்த தேதி டிசம்பர் 30. பலூன் இல்லை, திடீர்த் தாக்குதலுக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்று ஹொனலுலுவிலிருந்து 6-ம் தேதி போன பதில், 8-ம் தேதி மொழிபெயர்ப்பானது. தாக்குதல் நடந்து ஒருநாள் கழித்து.

6-ம் தேதி சனிக்கிழமை. வாஷிங்டன் கடற்படை மொழிபெயர்ப்புப் பிரிவில் டோரத்தி எட்ஜர்ஸ் என்ற பெண்மணி, வேலைக்குச் சேர்ந்து சில வாரம்கூட ஆகவில்லை, ஜப்பானில் பல வருஷம் இருந்தவர். குவிந்துகிடந்த காகிதங்களில் ஹொனலுலுவிலிருந்து போன ஒரு நீளமான தந்தியை எடுத்தார். எந்த வீட்டு ஜன்னலில் எந்த நேரத்துக்கு விளக்கு எரிந்தால் கப்பல்களைப் பற்றி என்ன அர்த்தம், கடற்கரையில் படகில் என்ன அடையாளம், இப்படிப் போகிறது. இது சும்மா ஆபீஸ் தந்தி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அரைநாள் வேலை முடிகிற நேரம். அப்படியும் உட்கார்ந்து மொழிபெயர்த்து மேலதிகாரி கிராமரிடம் காட்டினார். கிராமருக்கு அன்றைக்குத் தலைக்குமேல் வேலை, தோக்கியோ வாஷிங்டன் தூதருக்கு அனுப்பிய பதினாலு பகுதி நீண்ட அறிக்கை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டு, இதில் செப்பம் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். கிராமரைத் திட்டுவது சுலபம். நானும் சனிக்கிழமை மத்தியானம் வந்த காகிதங்களைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தவன்தான், அதனால் என்னால் முடியவில்லை.

அதே சனிக்கிழமை சாயங்காலம் ஹொனலுலுவில் ஜெனரல் ஷார்ட் ஒரு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், வாசலில் மனைவி காத்திருக்கிறார், அந்த நேரத்தில் அவசரம் அவசரமாக ஒரு காகிதம் வருகிறது. உள்ளூர் ஜப்பானியப் பல் மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு முந்தின நாள் தோக்கியோ பத்திரிகையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு. மருத்துவரின் மனைவி அந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். என்ன பூ பூத்திருக்கிறது என்று கேட்டதற்குச் செம்பருத்தியும் பாயின்செட்டியாவும் பூத்திருக்கிறது என்று பதில். இந்தப் பூவுக்கு என்ன ரகசிய அர்த்தம் என்று உளவுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஜெனரலுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, விருந்துக்குப் போய்விட்டார். ஐந்து கட்டம் போட்ட தந்தி இரண்டு மாதமாக அலமாரியில் இருக்கிறது, இவர்கள் செம்பருத்திப் பூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை 350-க்கும் மேற்பட்ட விமானங்கள். 2,403 பேர் செத்தார்கள்.

உங்கள் கட்டுரையில் இருக்கிற அந்த நாலு வரி பிறந்தது இதற்கப்புறம்தான். கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ் ஹவாய்க்குப் பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து டிசம்பர் 15 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி, இந்தப் போரிலேயே நார்வேயை விட்டால் ஐந்தாம் படை வேலை மிகத் திறமையாக நடந்தது ஹவாயில்தான் என்றார். தாக்குதலில் அவருடைய துறையே அடிவாங்கியிருந்தது, யாராவது ஒருவர் வேண்டுமே. உள்ளே இருக்கிறவன் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லிவிட்டால் காவல் காத்தவன் பதில் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் பேப்பர் முழுக்க அதுதான். ஜனவரியில் வந்த ராபர்ட்ஸ் விசாரணைக் குழு அறிக்கையும் தூதரகத்தோடு வெளிப்படையான தொடர்பில்லாத ஒற்றர்களும் இருந்தார்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தது, எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அப்படியென்றால் ஜப்பானுக்கு உளவு பார்த்துத் தண்டனை வாங்கியவர்கள் யார் யார்? பெயரோடு சொல்கிறேன். ஹாரி தாம்சன், அமெரிக்கக் கடற்படையில் எழுத்தராக இருந்தவர், கலிஃபோர்னியாவில் மாணவர் வேஷத்தில் இருந்த ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவருக்குக் காசுக்குத் தகவல் விற்றார், 1936-ல் 15 வருஷம். ஜான் ஃபார்ன்ஸ்வொர்த், கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருந்து வெளியே அனுப்பப்பட்டவர், 1937-ல் சிறை. இரண்டு பேருமே வெள்ளைக்கார அமெரிக்கர்கள். ஃபிரடெரிக் ரட்லண்ட் என்று ஒரு ஆங்கிலேயர், 1916 ஜட்லண்ட் கடற்போரில் விமானத்தில் பறந்து பெயர் வாங்கிய வீரர், பின்னால் லாஸ் ஏஞ்சலஸில் வீடு எடுத்துத் தங்கி ஜப்பானியக் கடற்படையிடம் சம்பளம் வாங்கினார், பிரிட்டன் அவரை வழக்கில்லாமலே காவலில் வைத்தது. அப்புறம் பேர்ல் ஹார்பருக்காகவே தண்டிக்கப்பட்ட ஒரே ஆள், அந்த ஜன்னல் விளக்கு யோசனைக்குச் சொந்தக்காரர், பெர்னார்ட் ஓட்டோ கூன். அவர் ஜெர்மானியர்! சுட்டுக்கொல்லத் தீர்ப்பு, அப்புறம் 50 வருஷக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். தேடித் தேடிப் பார்த்தேன், இந்தப் பட்டியலில் கரும்புத் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

இது அப்போதே தெரிந்த விஷயம்தான், பிற்கால ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. கடற்படை உளவுப் பிரிவிலேயே கென்னத் ரிங்கிள் என்ற அதிகாரி, ஜப்பானிய மொழி தெரிந்தவர், 1941-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஜப்பானியத் தூதரகத்துக்குள் ராத்திரியில் புகுந்து, பெட்டகத்தைத் திறந்து, காகிதங்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார் (அமெரிக்க மண்ணில் பூட்டு உடைத்த வேலையைச் செய்தது அமெரிக்கர்தான், பாருங்கள்). அதில் தெரியவந்தது, அங்கே பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களைத் தோக்கியோ நம்பவே இல்லை, அவர்களைத் துரோகிகளாகத்தான் பார்த்தது என்பது. கூட்டமாகப் பிடிக்காதீர்கள், சந்தேகத்துக்கு இடமானவர்களைத் தனித்தனியாக விசாரியுங்கள் என்று ரிங்கிள் எழுதிக்கொடுத்தார். கேட்கவில்லை. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர்கூட வேண்டாம் என்றார், யாரிடமும் இளகிப்போகிற ஆள் இல்லை அவர். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு, கடை, வயல், படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் தூக்க முடிந்ததோடு முகாமுக்கு ஏற்றினார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். மேற்குக் கரை தளபதி டெவிட் அதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள், இதுவரை நாசவேலை எதுவும் நடக்காததே இனி நடக்கப்போகிறது என்பதற்கு அடையாளமாம். இப்படிச் சொன்னால் எவன்தான் தப்பிக்க முடியும்?

ஹவாயில், உண்மையிலேயே வேவு நடந்த ஊரில், அப்படி மொத்தமாக யாரையும் பிடிக்கவில்லை. ஒன்றிரண்டாயிரம் பேரோடு நின்றுவிட்டது. அங்கே புதிதாக வந்த தளபதி எம்மன்ஸ் மறுத்துவிட்டார், மூன்றில் ஒரு பங்கு ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டால் தச்சு வேலைக்கு யார், கப்பல்துறைக்கு யார், தோட்டத்துக்கு யார். நாற்பது வருஷம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் எல்லாக் காகிதத்தையும் புரட்டிப் பார்த்து, மேற்குக் கரை ஜப்பானிய அமெரிக்கர் எவரும் உளவு பார்த்ததற்கு ஓர் ஆதாரமும் இல்லை என்று எழுதியது. 1988-ல் மன்னிப்புக் கேட்டு உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடுப்பு உண்டு. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்கள்தான் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின, மதராஸே காலியானது, எங்கள் தாத்தா மண்ணடியில் கடையைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு ரயிலேறிய கதையை ஆச்சி கடைசிவரை சொல்வாள், எவாக்குவேஷன் காலம் என்று. அந்தச் சமயத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை கண்ணி வைத்திருந்த ஜப்பானியக் குடும்பங்களைப் பிரிட்டிஷார் கப்பலேற்றிக் கொண்டுவந்து டில்லி புராணா கிலாவுக்குள் கூடாரம் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள், பிறகு ராஜஸ்தானில் தேவ்லிக்கு மாற்றினார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே வேவு பார்த்தவர்களாக இருக்கலாம். கைக்குழந்தையும் பார்த்ததா?

யோஷிகாவா என்ன ஆனார் என்று பேரன் கேட்டான், உங்கள் கட்டுரையில் அது இல்லை. தாக்குதல் நடந்த அன்றே போலீஸ் தூதரகத்துக்குள் போனது, உள்ளே காகிதங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் இந்த ஆள்தான் என்று அவர்களுக்குத் தெரியாது, தூதரக ஊழியர்களில் ஒருவர், அவ்வளவுதான். தூதரக மரியாதைப்படி எல்லோரையும் சேர்த்து அரிசோனா மாநிலத்தில் டிராகூன் என்ற ஊரில், விருந்தினர் தங்குகிற ஒரு பண்ணை விடுதியில் வைத்துக் கவனித்துக்கொண்டார்கள், 1942 கோடையில் கைதிப் பரிமாற்றத்தில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின் அமெரிக்கர்கள் தேடுவார்கள் என்று பயந்து கொஞ்ச காலம் புத்த பிட்சு வேஷத்தில் ஒளிந்திருந்தார், அப்புறம் பெட்ரோல் பங்க் வைத்தார், அரசாங்கம் பென்ஷன் எதுவும் கொடுக்கவில்லை, 1993-ல் இறந்தார்.

அவர் அந்த விடுதியில் இருந்த அதே 1942 மே மாதத்தில், அதே அரிசோனாவில், போஸ்டன் (Poston) என்ற பாலைவனத்து இடத்தில் முகாம் திறந்து, கலிஃபோர்னியாவில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் பயிரிட்டுக்கொண்டிருந்த குடும்பங்களை லாரியிலும் பஸ்ஸிலும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவருக்குக் கிடைத்த புத்தகத்தில் அப்படி இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகத் திருத்தம் போட்டால் போதும், முன்பக்கம் எல்லாம் வேண்டாம். தேதிகளைச் சரிபார்க்க வேண்டுமென்றால் நான் எடுத்துவைத்த குறிப்பு நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லிப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன், என் கையெழுத்துப் புரியாவிட்டால் சொல்லுங்கள், டைப் செய்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஏஜென்சி குமாஸ்தா,
தூத்துக்குடி